பழமொழியை முதலில் நமக்கே சொல்வோம்

இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் என் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். சேமிப்பைப் பற்றிய கட்டுரையா? இறுதிப் பத்தியில், 'சிறு துளி பெரு வெள்ளம் என்னும் பழமொழிக்கேற்ப' என்று எழுதுவேன். நூல் வாசிப்பைப் பற்றியதா? அங்கும் அதே சிறு துளிதான். ஒருமுறை, மழைக்காலத்தில் கிழக்குக் கரை மாநிலங்களில் ஏற்படும் வெள்ளப் பேரிடரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பழக்கத்தை விட முடியவில்லை. அதையும் 'சிறு துளி பெரு வெள்ளம்' என்றே முடித்தேன். ஆசிரியர் அவ்வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, "வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடம் போய் இதைச் சொல்வாயா?" என்று எழுதியிருந்தார்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதுவரை பழமொழி என்றால் கட்டுரைக்குப் புள்ளி பெற்றுத் தரும் அணி என்றே எண்ணியிருந்தேன். அது ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் சொல் என்பதையும், கேட்பவரின் மனத்தில் அது நன்மையோ தீமையோ செய்யும் என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். இன்று நான் உறுதியாக நம்புவது இதுதான்: பழமொழியின் பயன், அதை யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. எனவே, பிறருக்குச் சொல்வதற்கு முன் அதை நமக்கே சொல்லிப் பார்க்க வேண்டும்.

பழமொழி மிகப் பழையது. தொல்காப்பியம் அதனை 'முதுமொழி' என்று குறிப்பிடுகிறது. நுட்பமும் சுருக்கமும் தெளிவும் கொண்டு, சொல்ல வந்த கருத்தை நிலைநாட்ட உதவுவது என்று அதற்கு இலக்கணமும் கூறுகிறது. 'பழமொழி' என்னும் சொல் சங்க இலக்கியமான அகநானூற்றிலேயே இடம்பெற்றுள்ளது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூற்றில், முன்றுறை அரையனார் பாடல்தோறும் ஒரு பழமொழியை அமைத்துப் பாடியுள்ளார். பிற்காலத்தில் மேலைநாட்டாரும் இச்செல்வத்தைத் தேடித் தொகுத்தனர். பெர்சிவல் பாதிரியார் 1874ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. 1897ஆம் ஆண்டில் ஜென்சன் என்பவர் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி மற்றொரு தொகுப்பை வெளியிட்டார்.

இத்தனை பழமொழிகளும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை உழைப்பிலிருந்து வந்தவை. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை எடுத்துக்கொள்வோம். கதிரடித்த நெல்லில் பதரும் தூசியும் கலந்திருக்கும். அதை முறத்தில் அள்ளி, உயரத்திலிருந்து மெல்லச் சரித்தால், காற்று பதரை அடித்துச் செல்லும். கனமான நெல்மணிகள் நேரே கீழே விழும். காற்று நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும். ஆகவே, காற்று வீசும் நேரத்தில் களத்தில் இருப்பவர் உட்கார்ந்து கதை பேசமாட்டார். இந்தக் காட்சியை அறிந்தவருக்கு அப்பழமொழியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பாட்டி நெற்களத்தைப் பார்த்தவர் அல்லர். அவர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே முதுமை அடைந்தவர். எனினும், நெல்வயல்களிலிருந்து கப்பலேறி வந்த பழமொழிகள் அவர் வாயில் பால்மரக் காட்டுப் பழமொழிகளாக மாறிவிட்டன. காலை இருளில் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் சீவி முடிக்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று வேலை இல்லை. அதனால், 'காற்றுள்ளபோதே' என்று பாட்டி சொன்னால், மழைக்கு முன் என்றே எங்களுக்குப் பொருள்படும். மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் பால் பின்னர் வாளி நிறைவதைப் பார்த்தவருக்குச் 'சிறு துளி பெரு வெள்ளம்' வெறும் ஏட்டுச் சொல்லா?

பாட்டி அடிக்கடி சொன்ன இன்னொன்று, 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.' அதை அவர் உளியைக் காட்டியே விளக்குவார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். இன்றைக்குப் பால் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஆழமாகச் சீவினால், உளி பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்திவிடும். பட்டை மீண்டும் வளர்ந்தாலும் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. ஒரு நாள் பேராசை, பல ஆண்டு இழப்பு. இவ்வாறு, பாட்டியின் பழமொழிகள் எல்லாம் அவர் முதலில் தமக்கே சொல்லிக்கொண்டவை. தம் கையால் செய்து பார்த்தவை.

பழமொழியின் மற்றொரு முகத்தையும் நான் அதே வீட்டில்தான் கண்டேன். ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவுகள் வந்தன. மலாய்மொழியில் நான் தேவையான தரத்தை எட்டவில்லை. நண்பர்கள் பலர் நேரே முதலாம் படிவத்திற்குச் செல்ல, நான் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை வீட்டிற்கு வந்த பெரியப்பா, தேர்வு முடிவைக் கேட்டார். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இவனை ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்றார்.

பெரியப்பா கெட்டவர் அல்லர். என் மீது அக்கறை உள்ளவர்தான். கைத்தொழிலும் தாழ்ந்தது அன்று. ஆனால், அந்த ஒரு சொல்லால் எனக்குள் ஏதோ ஒரு கதவு மூடிக்கொண்டதைப் போல் இருந்தது. 'உனக்குப் படிப்பு வராது' என்று அவர் தம் சொந்தச் சொல்லில் கூறியிருந்தால், மனத்துக்குள்ளாவது மறுத்து வாதிட்டிருப்பேன். தலைமுறை தலைமுறையாக வந்த சொல்லோடு பன்னிரண்டு வயதுச் சிறுவன் எப்படி வாதிடுவான்? பழமொழியைச் சொல்பவர் ஒருவர். ஆனால், கேட்பவருக்கோ ஊரே கூடி நின்று சொல்வது போல் கேட்கிறது. பழமொழியின் வலிமை அதுதான், ஆபத்தும் அதுதான்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "பெரியவனே, உளி பிடித்த புதிதில் நீ எத்தனை மரத்தைக் காயப்படுத்தினாய்? நினைவிருக்கிறதா? இவனுக்கு வேலை வராது என்று உன்னை நான் வீட்டுக்கு அனுப்பினேனா?" என்று கேட்டார். பெரியப்பா பதில் சொல்லாமல் சிரித்துவிட்டார். பிறகு பாட்டி என் பக்கம் திரும்பி, "யானைக்கும் அடி சறுக்கும், ஐயா. நீ இன்னும் குட்டிதானே? எழுந்து நட" என்றார்.

அன்று நான் கேட்டவை இரண்டு பழமொழிகள். இரண்டுமே உண்மையானவை. ஒன்று என்னை உட்கார வைத்தது. மற்றொன்று எழுந்து நிற்கச் செய்தது.

வேறுபாடு எங்கே இருந்தது? 'ஐந்தில் வளையாதது' என்னும் பழமொழி, ஐந்து வயதுக் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு ஏற்றது. நல்ல பழக்கங்களை இளமையிலேயே கற்றுக்கொடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்பதே அதன் உட்கருத்து. பெற்றோரிடம் உரிய காலத்தில் சொன்னால் அது நல்ல எச்சரிக்கை. தவறிவிட்டோமே என்று கலங்கி நிற்கும் பிள்ளையிடம் சொன்னால் அதுவே தண்டனைத் தீர்ப்பாகிவிடுகிறது. பழமொழியில் குற்றமில்லை, அது போய்ச் சேர்ந்த முகவரிதான் தவறு.

புகுமுக வகுப்பில்தான் பழமொழியின் இன்னோர் உதவியை அறிந்தேன். அவ்வகுப்பில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் இருந்தோம். மலாய்மொழி எங்கள் இரு தரப்பினருக்கும் கடினமாகவே இருந்தது. ஒருநாள் ஆசிரியை, 'செடிக்கிட் செடிக்கிட், லாமா லாமா மெஞ்சாடி புக்கிட்' என்று கரும்பலகையில் எழுதினார். சிறிது சிறிதாகச் சேர்ந்தால் நாளடைவில் குன்றாகும் என்று பொருள். எனக்கு வியப்பாக இருந்தது. என் பழைய நண்பனான 'சிறு துளி' அல்லவா மலாய்ச் சட்டை அணிந்து வந்திருக்கிறது! பக்கத்தில் அமர்ந்திருந்த சீன நண்பன், சொட்டும் நீர் கல்லையும் துளைக்கும் என்று தன் வீட்டில் சொல்வார்கள் என்றான். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றேன். அந்த மலாய்ப் பழமொழியை நான் மனனம் செய்யவே தேவைப்படவில்லை. பொருள் முன்பே எனக்குள் இருந்தது. புதிய சொற்களை அதன்மேல் பொருத்திக்கொண்டேன். அன்றிலிருந்து நாள்தோறும் இரவில் மலாய் நாளிதழில் பத்து வரிகள் படிக்கத் தொடங்கினேன். பத்து வரிகள் எறும்பின் நடைதான். ஆனால், ஆண்டு இறுதியில் கல் தேய்ந்திருந்தது. இன்று மலாய்மொழியில் அலுவல் கடிதங்கள் எழுதுவது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

பழமொழிகளை நம்பி நடக்க முடியாது என்று கூறுவோரும் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது அவர்களுடைய வாதம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்கிறது ஒரு பழமொழி. 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்கிறது மற்றொன்று. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று விரைவுபடுத்துகிறது ஒன்று; 'பதறாத காரியம் சிதறாது' என்று நிதானப்படுத்துகிறது இன்னொன்று. இவற்றில் எதைப் பின்பற்றுவது?

இந்த முரண்பாட்டை நான் குறையாகக் கருதவில்லை. தச்சரின் பெட்டியில் சுத்தியலும் இருக்கும், ரம்பமும் இருக்கும். ஒன்று சேர்க்க உதவும். மற்றொன்று அறுக்க உதவும். எந்த வேலைக்கு எதை எடுப்பது என்று தெரிந்தவரே தச்சர். பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ளத் தயங்கி நிற்கிறீர்களா? உங்களுக்குத் 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்பது உதவும். தோற்றாலும் இழப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை. முன்பின் அறியாத ஒருவர், நூறு ரிங்கிட் அனுப்பினால் ஒரே வாரத்தில் ஆயிரம் ரிங்கிட்டாகத் திருப்பித் தருவதாகக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாரா? அங்கே துணிவு வேண்டாம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதே வேண்டும். விடுமுறையில் நண்பர்களோடு அருவிக்குச் செல்லும்போது, அதே பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே அமைதியாக ஓடும் நீர் சட்டென்று பெருகிவிடும். எந்தப் பழமொழி எந்த இடத்திற்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் பொறுப்பைப் பழமொழி நம்மிடமே விட்டுவிடுகிறது. அவ்வாறு சிந்திப்பதே உண்மையான கல்வி.

பழமொழி என்பதாலேயே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். பெண்களைத் தாழ்த்துபவை, உடற்குறை உள்ளவர்களை எள்ளி நகையாடுபவை, பிறப்பைக் கொண்டு மனிதரை இழிவுபடுத்துபவை ஆகியனவும் பழைய தொகுப்புகளில் உள்ளன. 'பெண்புத்தி பின்புத்தி' என்பது அவற்றுள் ஒன்று. பெண் பின்னால் வரப்போவதை முன்கூட்டியே உணர்பவள் என்பதே அதன் பொருள் என்று சிலர் விளக்கம் தருவர். அவர்களுடைய நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால், வகுப்பில் கருத்துச் சொல்ல எழுந்து நின்ற மாணவியைப் பார்த்து ஒருவன் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, அந்த விளக்கமா அவள் காதில் விழும்? முன்னோர் விட்டுச் சென்ற வீட்டில் நாம் குடியிருக்கிறோம் என்பதற்காக, உடைந்த நாற்காலியிலும் உட்கார வேண்டும் என்பதில்லை. அத்தகைய பழமொழிகளை வரலாற்றுச் சான்றாக ஏட்டில் வைத்திருக்கலாம். வாயில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இக்காலத்திற்கு மிகவும் தேவையான பழமொழி எது என்று என்னைக் கேட்டால், 'நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது' என்பதையே கூறுவேன். மலாய் மக்களும் இதையே வேறொரு காட்சியால் உணர்த்துவர். படகு எல்லை தாண்டிப் போய்விட்டால் பின்னால் இழுத்துவிடலாம். சொல் எல்லை தாண்டினால் விளைவு தீயதாகும் என்பது அவர்களுடைய பழமொழி. வயலில் வாழ்ந்தவர் நெல்லைக் கண்டார். ஆற்றோரம் வாழ்ந்தவர் படகைக் கண்டார். இருவரும் கண்ட உண்மை ஒன்றே. இன்று வகுப்பின் புலனக் குழுவில் ஒரு நண்பனைக் கேலி செய்து செய்தி அனுப்புகிறோம். தவறென்று தெரிந்ததும் அதை அழித்துவிடுகிறோம். கைப்பேசியிலிருந்து அது மறைந்துவிடும். அதற்குள் படித்துவிட்டவர்களின் மனத்திலிருந்து எப்படி மறையும்? சிலர் அதனைப் படம் பிடித்தும் வைத்திருப்பர். செய்தியைத் தட்டச்சு செய்த பிறகு, அனுப்புவதற்கு முன், 'இது நெல்லா, சொல்லா?' என்று நான் என்னையே கேட்டுக்கொள்வேன். அந்த ஒரு கேள்வியால் நான் அனுப்பாமல் விட்ட செய்திகள் பல. அவற்றுள் ஒன்றுக்காகவும் நான் இதுவரை வருந்தியதில்லை.

மாணவர்களே, தேர்வுக்காகப் பழமொழிகளை மனனம் செய்ய வேண்டாம் என்று நான் கூறவில்லை. மனத்தில் இல்லாத சொல் தேவையான நேரத்தில் வாயில் வராது. ஆனால், உங்கள் குறிப்பேட்டில் பழமொழியையும் அதன் பொருளையும் எழுதிய பிறகு, பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். அந்தப் பழமொழி உங்களுக்கு எந்த நாளில் உதவியது என்று அங்கு எழுதுங்கள். உதவிய நாள் இன்னும் வரவில்லை என்றால், அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், அவர்களுக்குப் பிடித்த பழமொழி எது என்றும், அதை யார், எப்போது அவர்களிடம் சொன்னார் என்றும் கேட்டுப் பாருங்கள். பழமொழியோடு உங்கள் குடும்பத்தின் கதை ஒன்றும் உங்களுக்குக் கிடைக்கும்.

பிறருக்குச் சொல்ல வேண்டிய நேரமும் வரும். நண்பன் தோற்றுவிட்டு வருவான். தம்பி தவறு செய்துவிட்டு நிற்பான். அப்போது வாயில் வரும் முதல் பழமொழியைச் சொல்லிவிடாமல், அந்த இடத்தில் நாம் நின்றிருந்தால் எதைக் கேட்க விரும்புவோம் என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். பழமொழியே வேண்டாம், தோளில் ஒரு கை போதும் என்று தோன்றினால், அதுவும் சரியே.

பாட்டி இப்போது இல்லை. அவர் பயன்படுத்திய உளி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தீட்டித் தீட்டி அதன் முனை பாதியாகத் தேய்ந்துவிட்டது. பிடி மட்டும் வழவழப்பாக இருக்கிறது. கடந்த ஆண்டு என் மகள் கணிதத் தேர்வில் தோல்வியுற்று, அழுதுகொண்டே வீட்டிற்கு வந்தாள். 'படிக்கிற வயதில் படிக்காவிட்டால்' என்று தொடங்கும் சொற்கள் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. அவற்றை விழுங்கிக்கொண்டேன். அவள் அருகில் அமர்ந்து, புகுமுக வகுப்பில் படித்த ஒரு சிறுவனின் கதையைச் சொன்னேன். இறுதியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, யானைக்கும் அடி சறுக்கும் என்று உங்கள் பாட்டி சொன்னாரே, அது எனக்கும் சேர்த்துத்தானே?"